அம்மா சேர்த்த 60,000 ரூபாய்: மலையில் விலங்குகளுக்கு எங்கே கொடுப்பது?

கோத்தகிரிக்காரி | ஞாயிறு, இரவு 8:12

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே வாசித்துவிட்டு மட்டும் போனவள், இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போன ஐப்பசியில் தவறிவிட்டாங்க. எங்கள் ஹட்டியில் (படகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) கடைசிவரை இரண்டு மாடு வைத்திருந்தாங்க. சொசைட்டிக்குப் பால் ஊற்றி வந்த காசு கொஞ்சம், கடைசி மாட்டை விற்றது கொஞ்சம், எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய் அவங்க பாஸ்புக்கில் இருக்கிறது. அதை நாங்கள் தொடுவதில்லை, வாயில்லா ஜீவன்களுக்கே போகட்டும் என்று அண்ணனும் நானும் பேசி முடித்துவிட்டோம். அம்மா கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் போனால் பையில் ஒரு டிபன் டப்பா கூடுதலாக இருக்கும். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் நாய்களுக்கு. சொறி பிடித்த நாயைப் பார்த்தால் கம்பு நுனியில் துணி சுற்றி, வேப்பெண்ணெயில் நனைத்து, தூர நின்றே தடவிவிடுவாங்க. நாயும் அசையாமல் நிற்கும்.

கொடுக்க மனசு இருக்கிறது, பயமும் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் பேஸ்புக்கில் ஒரு பக்கத்தைப் பார்த்து 5,000 ரூபாய் அனுப்பினேன். பின்னங்கால் நசுங்கிய ஒரு பழுப்பு நாயின் படம், "இன்று இரவுக்குள் ஆபரேஷன்" என்று போட்டிருந்தாங்க. எட்டு மாதம் கழித்து அதே படம், அதே நீலச் சாக்கு, வேறு ஊர் பெயரோடு வந்தது. கேட்டேன். பதில் வரவில்லை, என்னை பிளாக் செய்துவிட்டாங்க. போனது 5,000 என்பதைவிட, அந்த நாய் எப்போது, எங்கே இருந்தது, பிழைத்ததா என்று தெரியாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முன்னால் முடிவு செய்யணும். தெரு நாய்கள், ஊட்டியில் ரோட்டில் திரியும் குதிரைகள், மசினகுடி பக்கம் காட்டு விலங்குகள், கோசாலை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மசினகுடி_ஜீப் | ஞாயிறு, இரவு 9:05

அக்கா, அம்மாவுக்கு என் கும்பிடு.

நான் இங்க பதினாலு வருஷமா ஜீப் ஓட்டறேன். போட்டோவைப் பாத்துக் காசு போடாதீங்க, வாசல்ல போய் நின்னு பாத்துட்டுக் கொடுங்க. எங்க பக்கம் மாவனல்லாவில் ஐபான் (IPAN)-னு ஒரு அமைப்பு இருக்கு. கைவிடப்பட்ட கழுதை, குதிரை, மாடு, நாய் எல்லாம் வச்சுப் பாத்துக்கறாங்க. நேரில் போய்ப் பாத்துட்டு வாங்க.

யானைக்குக் கொடுக்கணும்னு வர்ற டூரிஸ்ட் எல்லாரும் கேக்கறாங்க. தெப்பக்காடு முகாம் யானைகள் வனத்துறையோட பொறுப்பு, கவளம் முதல் மருந்து வரை அரசு கணக்கு. அங்க உங்க அறுபதாயிரம் கடல்ல கரைச்ச உப்பு. காட்டு யானைக்கு வேண்டியது காசே இல்லக்கா, நாம ஒதுங்கி இருக்கறதுதான். 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியற டயரை ஒரு யானை மேல வீசினாங்களே, ஞாபகம் இருக்கா? காது கருகி, புண்ணோட திரிஞ்சு, தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோற வழியிலேயே செத்துச்சு. அன்னிக்கு ஊரே அழுதுச்சு. அந்த நேரத்துல கோடி ரூபாய் கொண்டுவந்து கொட்டியிருந்தாலும் அதைக் காப்பாத்தியிருக்க முடியாது.

ஓய்வு_கால்நடை_மருத்துவர் | ஞாயிறு, இரவு 10:31

அம்மா, உங்கள் தாயாரைப் போன்ற நூறு பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களால்தான் எங்கள் மருந்தகம் நடந்தது. முதலில் ஒன்று: வேப்பெண்ணெயால் பெரிய தீங்கில்லை. பலர் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள். நாய் அதை நக்கி, உள்ளுறுப்பு கெட்டுச் சாகும். இதை வாசிக்கும் யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

தம்பி மசினகுடி கடைசியில் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் 5,000 ரூபாய் அனுப்பிய அந்தப் படத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஆறு மாதம் முன்னால் என்ன செய்திருந்தால் அந்தப் படத்துக்கே வேலை இருந்திருக்காது? பணம் கொடுக்கும் முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது ஒன்றுதான். நாய் விஷயத்தில் இரண்டு பதில்: கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி. ஒரு பெட்டை நாய் 63 நாள் சுமந்து ஐந்தாறு குட்டி போடும். அதில் பாதிக்கு மேல் மழையிலும் வண்டியிலும் போய்விடும். அந்தக் குட்டிகளின் படம்தான் உங்கள் போனுக்கு வருகிறது.

வெறிநோயைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குந்தா பக்கம் வேலை பார்த்தபோது ஒரு விடியற்காலையில் கூப்பிட்டார்கள். கறவை மாடு, கத்திக்கொண்டே இருக்கிறது, தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் குரல் உடைந்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்துக் கத்துகிறது. வாயிலிருந்து நூலாக எச்சில். கட்டுத்தறியைக் கொம்பால் குத்திக் குத்தி நெற்றி கிழிந்திருந்தது. வீட்டுக்காரர் தொண்டையில் அடைத்ததை எடுக்கிறேன் என்று முழங்கை வரை வாய்க்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று வாரம் முன்னால் ஒரு தெரு நாய் மாட்டின் மூக்கில் கடித்ததை அப்புறம்தான் சொன்னார். மாடு மறுநாள் செத்தது. வீட்டில் ஐந்து பேர், காய்ச்சாத பால் குடித்த குழந்தை உட்பட, எல்லாருக்கும் ஊசி. 0, 3, 7, 14, 28 என்று நாள் எண்ணிக்கொண்டு மலையிறங்கி வந்துபோனார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதனுக்கும் சரி, விலங்குக்கும் சரி, மருந்து கிடையாது.

ஒரு ஊரில் நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டுவந்தால் நோய் அங்கே பரவ வழியில்லாமல் அற்றுப்போகும். இது ஏட்டுக் கணக்கல்ல. கோவாவில் மிஷன் ரேபிஸ் அமைப்பும் அரசும் சேர்ந்து வருடக்கணக்கில் இதைச் செய்து, 2021-ல் வெறிநோய் கட்டுக்குள் வந்த முதல் மாநிலம் என்ற அறிவிப்பு வந்தது. ஊசி மருந்தின் விலை பெரிதல்ல. வலையோடு ஓடி நாய் பிடிப்பவர் கூலி, வண்டிக்கு டீசல், மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் குளிர்பெட்டி, இவற்றுக்குத்தான் பணம் போகிறது. இதற்கெல்லாம் கண்ணீர் வரவழைக்கும் படம் கிடையாது, அதனால் நன்கொடையும் வருவதில்லை.

குன்னூர்_ஆடிட்டர் | திங்கள், காலை 7:20

காசு விஷயம் மட்டும் நான் சொல்கிறேன்.

கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் தனிமனிதர் பெயர் வருகிறதா, அறக்கட்டளை பெயர் வருகிறதா என்று பாருங்கள். தனிமனிதர் பெயர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். நல்லவராகவே இருந்தாலும் அதில் கணக்கு கேட்க உங்களுக்கு வழியில்லை. 80ஜி பதிவு இருந்தால் பொதுவாகக் கொடுத்ததில் பாதிக்கு வரிக்கழிவு உண்டு, ஆனால் நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது, வங்கி வழியாகவே கொடுங்கள். வெறும் ரசீது போதாது, வருமான வரித் தளத்திலிருந்து எடுத்த நன்கொடைச் சான்றிதழ் கேளுங்கள்.

நாய்க் கருத்தடை செய்கிறோம் என்பவர்களிடம் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்கள். 2023-ல் வந்த விதிகளின்படி அது இல்லாமல் அந்த வேலை செய்யக்கூடாது.

நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சம்பளமே இல்லாமல் மருத்துவர் வருவதில்லை. சம்பளக் கணக்கை மறைக்காமல் எழுதுகிற அமைப்பைத்தான் நான் நம்புவேன்.

கூடலூர்_பால் | திங்கள், பிற்பகல் 1:48

டாக்டர் ஐயா கேட்ட அந்தக் கேள்வியை எங்க ஊருக்கும் கேக்கறேன்.

போன வருஷம் என் சினை மாட்டைப் புலி அடிச்சது. மேய்ச்சல்ல இருந்து வரலைன்னு தேடிப் போனா, தேயிலைக்குப் பின்னாடி ஓடைக்கரையில் கிடக்கு. பின்தொடையைத்தான் தின்னிருந்துச்சு. மடியில பால் அப்படியே கட்டி நின்னுச்சு. அரசு நிவாரணம் உண்டு, எழுதிக் கொடுத்தோம். வந்து பாத்தாங்க, படம் எடுத்தாங்க, சான்றிதழ் ஒரு இடம், கையெழுத்து ஒரு இடம்னு மாசக்கணக்குல அலைஞ்சேன். கடன்ல வாங்கின மாடு, தவணை நிக்காது. அந்தச் சமயம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் காதுல வந்து சொன்னார்: "மிச்சம் கிடக்கறதுல கொஞ்சம் குருணை மருந்தைத் தூவு. ராத்திரி திரும்ப வரும், அதோட முடிஞ்சது."

நான் செய்யல. ஆனா ரெண்டு நாள் தூங்காம யோசிச்சேன், அதையும் மறைக்க மாட்டேன். 2023 செப்டம்பரில் எமரால்டு பக்கம் ரெண்டு புலி செத்துக் கிடந்துச்சே, அது இப்படித்தான் ஆச்சு. மாட்டைப் பறிகொடுத்தவர் விஷம் வச்சார், ஜெயிலுக்குப் போனார். விஷம் புலியோட நிக்காது. செந்நாய், பாறுன்னு அந்த மாட்டைத் தொட்டதெல்லாம் சாகும்.

பாறுன்னா பிணந்தின்னிக் கழுகு. மாயாறு ஓரத்துல பெரும்பாலும் நீர்மருது மரத்துலதான் கூடு கட்டும். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியாலதான் நாடு முழுக்க அழிஞ்சுது. ஊசி போட்ட மாடு செத்தா, அதைத் தின்ன பாறுக்கு சிறுநீரகம் போயிடும். 2006-ல மாட்டுக்கு அதைத் தடை பண்ணினாங்க. அப்புறமும் மனுஷனுக்கு வர்ற பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க, அதனால 2015-ல பாட்டிலை 3 மில்லியாக் குறைச்சாங்க. 2023-ல அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ரெண்டையும் தடை பண்ணினாங்க. அதுக்குப் பதிலா மெலாக்சிகாம் போட்டா பாறுக்கு ஒண்ணும் ஆகாது. அருளகம்னு கோயம்புத்தூர்க்காரங்க இதுக்காகவே ஊர் ஊரா வந்து பேசறாங்க.

எங்க பக்கத்துல நாலஞ்சு பேர் சேந்து ஒரு சின்ன நிதி வச்சிருக்கோம். மாடு போன அன்னிக்கே, நிவாரணம் வர்ற வரைக்கும் தாங்கிக்க ஒரு தொகையைக் கையில கொடுத்துடுவோம். நிவாரணம் வந்ததும் முடிஞ்சவங்க திருப்பிப் போடுவாங்க. அன்னிக்கு ராத்திரிதான் விஷம் வைக்கிற ராத்திரி, அந்த ஒரு ராத்திரியைத் தாண்டிட்டா மனசு ஆறிடும். இதையும் விலங்குக்குக் கொடுக்கறதா எண்ணிக்கலாமான்னு எனக்குத் தெரியல. யோசிச்சுப் பாருங்க.

மன்ற_நிர்வாகி | திங்கள், பிற்பகல் 2:15

போன் நம்பர், வங்கிக் கணக்கு எண், கியூஆர் படம் எதையும் இழையில் போட வேண்டாம். விவரம் வேண்டுவோர் தனிமடலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணிப்பார்ப்போம் | திங்கள், இரவு 9:50

அக்கா, நான் குன்னூரில் பிறந்து இப்போது பெங்களூரில் வேலை பார்ப்பவன். நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த இழையில் இதுவரை நாய், யானை, புலி, மாடு, கழுகு வந்துவிட்டன. தினமும் காலையில் நம் மலைக்கு லாரியில் ஏறி வருகிற முட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. நாமக்கல்லில் பெரும்பாலான முட்டைக் கோழிகள் இருப்பது கம்பிக் கூண்டில். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லை. சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, முட்டையிட மறைவு கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே கம்பி மேல் நிற்கும். சாய்ந்த தரை என்பதால் இட்ட முட்டை உடனே உருண்டு போய்விடும், அது தன் முட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் ஒரு பண்ணைக்குள் போயிருக்கிறேன். நடைபாதையில் நடக்கும்போது இரண்டு பக்கமும் கழுத்துகள் மட்டும் வெளியே நீண்டிருந்தன.

எண்ணிக்கையில் பார்த்தால் தெரு நாய்கள் இந்தக் கோழிகளுக்குப் பக்கத்தில்கூட வராது. 2017-ல் சட்ட ஆணையம் தன் 269-வது அறிக்கையில் இந்தக் கூண்டுகளைப் பற்றியே எழுதி, விதிகளின் வரைவையும் கொடுத்தது. 1960-ம் வருஷத்து வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான். இதை மாற்ற வழக்கு நடத்துபவர்களும், நிறுவனங்களிடம் பேசி கூண்டில்லா முட்டைக்கு மாற வைப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அனிமல் சாரிட்டி எவல்யுவேட்டர்ஸ் என்றொரு அமைப்பு, கொடுக்கிற பணத்தால் எத்தனை உயிருக்கு எவ்வளவு துன்பம் குறைகிறது என்று ஒப்பிட்டுப் பட்டியல் போடுகிறது. அதில் பெரும்பாலும் பண்ணை விலங்குகளுக்காக வேலை செய்பவர்கள்தான் வருவார்கள். கண்ணில் படுகிற விலங்குக்கு மட்டும் கொடுத்தால், கண்ணில் படாதபடி அடைத்து வைக்கப்பட்டவற்றுக்கு யார் கொடுப்பது?

கோத்தகிரிக்காரி | திங்கள், இரவு 11:15

தம்பி, பிடிக்காமல் இல்லை. அம்மா நாட்டுக்கோழி வளர்த்தாங்க. அடைக்கு உட்கார்ந்த கோழியை யாரும் கிட்டே போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்று எங்களை விரட்டுவாங்க. முட்டை உருண்டு போய்விடும் என்று நீங்கள் எழுதிய வரியை மூன்று தடவை வாசித்தேன்.

ஆனால் ஒரு கஷ்டம். கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு ஒரு தடவை அனுப்பித்தானே ஏமாந்தேன். வழக்குக்குக் கொடுத்தால் நடந்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

கூடலூர் அண்ணா, அந்த ரெண்டு ராத்திரியை மறைக்காமல் எழுதினீங்களே, அதற்கு நன்றி.

கொடை_சோலைக்குருவி | செவ்வாய், காலை 10:02

பழனி மலையிலிருந்து ஒரு குரல். கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள் வருவது இப்போது செய்தியே இல்லை. போன மாதம் மார்க்கெட்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு நின்ற ஒன்றைப் பார்த்தேன். பிரியாணிப் பொட்டலத்தைப் பையோடு விழுங்கியது. பையின் ஒரு முனை கொஞ்ச நேரம் உதட்டில் தொங்கி, அப்புறம் அதுவும் உள்ளே போனது. 2024 மே மாதம் இ-பாஸ் (மலையேறும் வண்டிக்கு இணைய அனுமதி) வந்ததில் வண்டிகளைக் கணக்கெடுக்கிறார்கள், பைகளைக் கணக்கெடுக்க ஆளில்லை.

அது ஏன் ஊருக்கு வருகிறது? மேய்ந்த புல்வெளியை, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் மூடிவிட்டது. முதுமலைப் பக்கம் உண்ணிச்செடி செய்ததை இங்கே வாட்டில் செய்திருக்கிறது. ஒற்றை விலங்கைக் காப்பாற்றப் பணம் கொடுப்பவர்கள், நூறு விலங்குக்குத் தீனியாகும் ஒரு ஏக்கர் புல்லை மீட்கக் கொடுப்பதில்லை. அரசு வரையாட்டுக்கு 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாய் ஒதுக்கியது, வரவேற்கிறேன். பெயர் பெற்ற விலங்குக்கு அரசு கொடுத்துவிடும். நம்மைப் போன்றவர்களின் சிறு பணம் பெயரில்லாத வேலைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, ஏரியைச் சுற்றிச் சவாரிக் குதிரைகளின் நிலைமையைப் பார்க்கவே முடியவில்லை. அந்தத் தொழிலையே நிறுத்த வழக்குப் போடுகிறவர்களுக்குக் கொடுங்கள்.

லாடம் | செவ்வாய், பிற்பகல் 3:37

நான் ஊட்டி. தாத்தா காலத்துல இருந்து குதிரை வச்சிருக்கோம். மேல எழுதினவங்க மேல கோபமில்ல, ஆனா எங்க பக்கத்தையும் கேளுங்க.

சீசன் ரெண்டு மாசம், நடுவில் விடுமுறை நாள். மத்த நாள்ல சவாரி கிடையாது, கொள்ளும் தவிடும் வாங்கறது மட்டும் நிக்காது. கட்டுப்படியாகாதவன் அவிழ்த்து விடறான், தப்புதான், நான் நியாயம் பேச வரல. அவிழ்த்து விட்டா அது மார்க்கெட்டுக்குத்தான் போகும், கவரோட காய்கறிக் கழிவைத் தின்னும். எங்க வெள்ளைப் பெட்டைக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வயித்து வலி வந்துச்சு. சுத்திச் சுத்திப் படுக்கும், வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்கும், முன்காலால் மண்ணைப் பிராண்டும். படுத்து உருள விட்டா குடல் முறுக்கிக்கும்னு அப்பாவும் நானும் ராத்திரி முழுக்க மாத்தி மாத்தி நடக்க வச்சோம். உறைபனி, அது மேல மட்டும் வேர்வை ஆவி. விடியற நேரம் நின்னபடியே காலை மடக்கி விழுந்துச்சு. அறுத்துப் பாத்த டாக்டர் குடலுக்குள்ள இருந்து பால் கவரும் சாக்கு நூலும் சுருட்டி எடுத்துக் காட்டினார், ரெண்டு கையளவு இருந்துச்சு.

வழக்குப் போட்டு நிறுத்தினா மறுநாள் நூறு குதிரையும் ரோட்டுக்குத்தான் வரும். யார் கட்டிச் சோறு போடுவாங்க? டாக்டர் சார் சொன்ன கணக்குப்படி கேட்டா, அதுக்கு ஆறு மாசம் முன்னாடி எங்களுக்கு வேண்டியிருந்தது சீசன் இல்லாத மாசத்துத் தீனியும், மூணு மாசத்துக்கொரு தடவை குடற்புழு மருந்தும், நல்லா லாடம் அடிக்கிற ஆளும்தான்.

கொடை_சோலைக்குருவி | செவ்வாய், மாலை 5:20

லாடம், நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுதாமல் இருந்தேன். நிறுத்தினால் மறுநாள் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புண்ணாகிய முதுகில் சேணம் வைப்பவரை விட்டுவிடலாம் என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

லாடம் | செவ்வாய், மாலை 5:41

சொல்ல மாட்டேன். அவனை நானே பிடிச்சுக் கொடுப்பேன்.

ஓய்வு_கால்நடை_மருத்துவர் | செவ்வாய், இரவு 9:14

கோத்தகிரி அம்மாவுக்கு, நேரில் பார்க்கப் போவதாக இருந்தால் சில விஷயம். சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் காலையில், கொட்டில் கழுவுவதற்கு முன் போங்கள். தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுப் பாருங்கள், வழவழப்பு இருக்கக் கூடாது. எத்தனை விலங்கு வந்தது என்பதைச் சொல்ல எல்லாருக்கும் பிடிக்கும், எத்தனை செத்தது என்ற பதிவேட்டைக் கேளுங்கள். இறப்பே இல்லாத காப்பகம் உலகில் கிடையாது. சாவை எழுதி வைப்பவர் அடுத்த சாவுக்குக் காரணம் தேடுபவர். இடம் நிறைந்த பிறகும் ஒரு விலங்கையும் மறுக்காமல் எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் கவலைப்படுங்கள். நெரிசலில் பார்வோ என்ற நாய்த் தொற்றுநோய் வந்தால் குட்டிகள் ஒரே வாரத்தில் போய்விடும்.

கருத்தடை செய்பவர்களிடம், எங்கே பிடித்தீர்களோ அதே தெருவில் திரும்ப விட்டீர்களா என்று கேளுங்கள். வேறு இடத்தில் விட்டால் 2023 விதிகளை மீறுவது என்பது ஒரு பக்கம், அங்கே இருக்கும் நாய்கள் கடித்துக் குதறும், காலியான தெருவுக்குப் புதுநாய் வரும். காதில் அடையாள வெட்டு இருக்கிறதா பாருங்கள்.

தம்பி எண்ணிப்பார்ப்போம் சொன்னதை நான் மறுக்கவில்லை. 34 வருடம் கோழிப் பண்ணைகளுக்கும் தடுப்பூசி போட்டவன். அந்தக் கூண்டுகளைப் பற்றி நான் வேலையில் இருந்தபோது பேசியிருக்க வேண்டும்.

எண்ணிப்பார்ப்போம் | செவ்வாய், இரவு 10:30

நன்றி டாக்டர். அக்கா, வழக்குக்குக் கொடுத்தால் எப்படித் தெரியும் என்று கேட்டீர்களே: வழக்கு எண் கேளுங்கள். நீதிமன்றத் தளத்தில் எண்ணைப் போட்டால் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வந்துவிடும். எந்த நிறுவனம் எந்த வருஷத்துக்குள் மாறுவதாக எழுதிக் கொடுத்தது என்றும் கேட்கலாம். எண் தராதவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

கோத்தகிரிக்காரி | சனி, இரவு 7:55

இந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டு, அண்ணனோடு மூன்று இடம் போய்வந்தேன். பெயர் போடவில்லை, தனிமடலில் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

முதல் இடத்தில் வாசலிலேயே பெரிய பேனர், நன்கொடையாளர் படங்கள். பதிவேடு கேட்டதும் மேனேஜர் ஊரில் இல்லை என்றார்கள். டாக்டர் சொன்ன மாதிரி தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டேன். பச்சையாக ஒட்டிக்கொண்டு வந்தது. காசு கொடுக்காமல் வந்துவிட்டோம், வாங்கிப் போயிருந்த இரண்டு கட்டுப் புல்லை மட்டும் மாடுகளுக்கு முன்னால் போட்டுவிட்டு.

இரண்டாவது, நாய்க் கருத்தடை செய்யும் இடம். அங்கீகாரக் கடிதம் சுவரில் மாட்டியிருந்தது. டெட்டால் வாடையும் ஈர நாய் வாடையும் சேர்ந்து மூக்கை அடைத்தது. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு அட்டை: பிடித்த தெரு, தேதி, எடை. ஒரு அட்டையில் "கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் வாசல், பெட்டை, 14 கிலோ" என்று இருந்தது. குனிந்து பார்த்தேன். முதுகில் முடி முளைக்காத வட்டம், அம்மா எண்ணெய் தடவிய அதே நாய். இடது காதில் புது வெட்டு. வயிற்றில் தையல். என்னைப் பார்த்து வாலை ஒரு தடவை மட்டும் தரையில் தட்டியது. அங்கே இருந்த பெண் நான் கேட்காமலேயே நோட்டை எடுத்து வந்து, போன மாதம் செத்த மூன்று நாய்களின் பக்கத்தைக் காட்டினார். ஒன்று மயக்க மருந்தில் போயிருக்கிறது. "அதுக்கப்புறம் எடை பார்க்கிற மெஷினை மாத்திட்டோம்" என்றார். அண்ணன் ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றுவிட்டான்.

மூன்றாவது, கூடலூர் அண்ணா வீடு. நிதிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, யார் மாடு, எந்தத் தேதி, எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு திரும்பியது. ஆடிட்டர் சார், அது பதிவு செய்த அறக்கட்டளை இல்லை, 80ஜி கிடையாது, நீங்கள் வேண்டாம் என்பீர்கள். ஆனால் ஐந்து பேர் கையெழுத்தும் ஒவ்வொரு வரியிலும் இருந்தது.

முடிவு இது. நாய் வேலைக்கு மாதம் 1,500 வீதம் இரண்டு வருஷம், 36,000. மொத்தமாகக் கொடுக்காததற்குக் காரணம், மாதாமாதம் கூலி கொடுக்க நிச்சயமான பணம்தான் தங்களுக்கு வேண்டும் என்று அந்தப் பெண்ணே சொன்னார். கூடலூர் நிதிக்கு 15,000. மீதி 9,000 கோழிகளுக்கு. தம்பி சொன்னபடி இரண்டு அமைப்புக்கு எழுதி வழக்கு எண் கேட்டேன், ஒன்றிலிருந்து மறுநாளே வந்தது, அவர்களுக்கே கொடுக்கிறேன்.

கொடைக்கானல் அக்கா, புல்வெளிக்கு இதில் இடமில்லாமல் போனது. வாட்டில் பிடுங்கும் ஆட்கள் கூப்பிட்டால் தை மாதம் நானும் வருகிறேன், நாலு நாள் வேலை செய்வேன்.

லாடம் தம்பி, உங்களுக்குப் பணம் இல்லை. அண்ணன் கேரட் போடுகிறான். கழுவித் தரம் பிரித்ததும் உடைந்தது, இரட்டை வால் விட்டது என்று வாரத்துக்கு இரண்டு மூட்டை ஒதுக்கிப் போடுவார்கள். சீசன் இல்லாத மாதங்களில் ஊட்டிக்கு லோடு போகும் வண்டியிலேயே ஏற்றிவிடச் சொல்கிறேன். குதிரைக்குக் கேரட் எவ்வளவு கொடுக்கலாம்?

குன்னூர்_ஆடிட்டர் | சனி, இரவு 8:30

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மாதம் ஒரு தடவை படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பதிவு செய்ய விரும்பினால் நான் காசு வாங்காமல் செய்து தருகிறேன்.

கூடலூர்_பால் | சனி, இரவு 8:52

சார், அடுத்த வாரம் நோட்டோட வர்றேன்.

லாடம் | சனி, இரவு 9:10

அக்கா, ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குள்ள போதும், புல்தான் முக்கியம். எங்க லைன்ல பதினேழு குதிரை, ரெண்டு மூட்டையைப் பங்கு போட்டா சரியா இருக்கும். நீளவாக்குல நறுக்கித்தான் கொடுப்போம், வட்டமா நறுக்கினா தொண்டையில சிக்கும். சாக்கை மட்டும் கோணிச் சாக்கா அனுப்பச் சொல்லுங்க, பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம். வண்டி எந்தக் கிழமை வரும்?

கோத்தகிரிக்காரி | சனி, இரவு 9:14

வியாழன் காலை, ஆறரைக்குள்.